மடித்த நுனி

என் கணவரின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த மண்டபத்தில், அவருடைய ரெலிபோன் காசுப்பெட்டி திறக்கிறதுபோல் ஒரு சத்தம் போட்டது. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ரெலிபோன் என் கைப்பைக்குள் இருந்தது. அதன் வாயை எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அமத்திக்கொண்டிருந்தேன். அது இன்னொரு தடவையும் சத்தம் போட்டது. மகள் எழுந்து வந்து பையைப் பறித்துக்கொண்டு வெளியே போனாள்.

அவர் பெட்டிக்குள் வேட்டி கட்டிப் படுத்திருந்த அந்த நேரத்தில் யாரோ அவரிடம் கார்ட் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அதுதான் அர்த்தம். எனக்கு அழுகைக்கு முதல் வந்தது கோபம். செத்தவனிடம் வியாபாரம் செய்ய வந்தவன் எவன் என்று வாய்விட்டே கேட்டிருப்பேன், பக்கத்தில் அவருடைய அக்கா இருந்திருக்காவிட்டால்.

கார்ட் என்றால் சீட்டாட்டக் கார்ட் இல்லை. ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்களின் படம் போட்டது, நெருப்பைக் கக்கிக்கொண்டு நிற்கும் கற்பனைப் பிராணிகளின் படம் போட்டது என்று இந்த நாட்டில் பிள்ளைகள் சேர்ப்பார்கள். பிள்ளைகள் என்று சொல்கிறேன், நரைத்த தலையர்களும் சேர்ப்பார்கள். பழசாகி, மூலை மடங்காமல் இருந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. என் கணவர் வாழ்க்கையில் ஒரு ஹொக்கி ஆட்டத்தை முழுதாகப் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் எவனுடைய கோல் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த வீரனின் எந்தப் படத்தில் எந்த மூலை வெளுத்திருந்தால் விலை விழும் என்பது தெரியும்.

அவர் ரொறொன்ரோவுக்கு வெளியே பிறம்ரனில் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். முதுகு போனதோடு வேலையும் போனது. எங்கள் வீடு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயரமான கட்டடத்தில். வந்த காலத்தில் அங்கே இறங்கினோம், எங்களோடு இறங்கியவர்கள் எல்லாம் வீடு வாங்கி வடக்கே போனார்கள், நாங்கள் லிஃப்ற் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தோம். வேலை இல்லாமல் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் மனிதரை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கண்டேன். குசினிக்குள் வந்து நிற்பார். பானையைத் திறந்து பார்ப்பார். திரும்பிப் போய் யன்னலில் நிற்பார். பார்க்கவே நெஞ்சு கனக்கும், வாயில் மட்டும் ஏச்சுத்தான் வரும்.

மகள் கலியாணம் முடித்து ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனபோது அலுமாரிக்குள் ஒரு சப்பாத்துப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். உள்ளே அவள் சின்ன வயதில் சேர்த்த பிராணிக் கார்ட்டுகள். "எறியுங்கோ அப்பா" என்றாள். அவர் எறியவில்லை. இன்ரநெற்றில் தேடிப் பார்த்து, படம் எடுத்துப் போட்டு, ஒன்றை விற்றும்விட்டார்.

"உந்தப் படத்தை ஆரப்பா காசு குடுத்து வாங்கினது?" என்று கேட்டேன்.

"வாங்கிறவை இருக்கினம். நீர் வந்து உதைப் பிடியும், நான் சுத்துறன்" என்றார்.

அந்த முதல் கார்ட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினோம். சண்டைக் காலத்தில் ஊருக்குப் பார்சல் அனுப்பிப் பழகிய கைகள் எங்களுடையவை. பால்மா, பனடோல், அம்மாவுக்கு ஒரு சுவெற்றர் என்று எது அனுப்பினாலும் வழியில் எத்தனை பேர் திறப்பார்களோ தெரியாது. அதனால் செலோரேப் என்ற ஒட்டுநாடாவைச் சுற்றிச் சுற்றி, கடதாசியே தெரியாத அளவுக்கு ஒட்டுவோம். முடிவில் அதன்மேல் குறுக்கே பேனையால் கையெழுத்தும் போடுவோம். எவனாவது பிரித்தால் கையெழுத்து உடைந்து காட்டிக்கொடுக்கும். அதே கட்டுத்தான் அந்தப் பிராணிக்கும் விழுந்தது. கையெழுத்தோடு.

வாங்கியவர் மேற்கே எங்கேயோ ஒரு ஊர்க்காரர். திறக்க முடியாமல் கத்தி எடுத்திருக்கிறார். கத்தி செலோரேப்பையும் அட்டையையும் தாண்டி, பிராணியின் கழுத்துவரை போய்விட்டது. வெட்டுப்பட்ட கார்ட்டின் படத்தைப் போட்டு, "யாரும் திறந்துவிடக் கூடாது என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். அவர் விற்ற அந்த இன்ரநெற் சந்தையில் வாங்குகிறவர் விற்கிறவரைப் பற்றி எழுதலாம். எழுதினால் அது நெற்றியில் ஒட்டினதுபோல் நிற்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இது ஊரும் தெரியாத வாய்.

"திறக்கத் தெரியாதவன் ஏன் வாங்கிறான்?" என்று நான் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "இல்லையப்பா. பிழை எங்கட. நாங்கள் களவெடுக்கிறவனை நினைச்சுக் கட்டியிருக்கிறம். வாங்கினவனை நினைக்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்சல் கட்டப் படிக்கத் தொடங்கினார். வீடியோக்களைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கார்ட்டுக்கு முதலில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் உறை, பிறகு வளையாத தடித்த உறை, அது வழுக்கி வெளியே வராமல் வாயில் ஒரு துண்டு செலோரேப். இரண்டு பக்கமும் அட்டை. தானியப் பெட்டி அட்டையை எறிய விடமாட்டார், என் குசினி அலுமாரி முழுக்க வெறும் அட்டையாகக் கிடந்தது. விலை கூடியதைத் தபால் கவுண்டருக்குக் கொண்டுபோய் இலக்கம் போட்டு அனுப்புவார், எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம். விலை குறைந்ததற்கு அந்தச் செலவு கட்டாது, உறையில் முத்திரை ஒட்டித் தபால்பெட்டிக்குள் போட வேண்டியதுதான். போட்டால் போட்டதுதான், அதற்கு அத்தாட்சி கிடையாது. வரவில்லை என்று வாங்கியவர் சொன்னால் விற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் கண்ட அளவில் பெரிய விலைக்கு வாங்குகிறவன் பேசாமல் இருப்பான். ஒரு கோப்பிக் காசுக்கு வாங்கினவன்தான் விடியவும் பின்னேரமும் எங்கே எங்கே என்று கேட்பான்.

இதிலெல்லாம் அவருக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று. செலோரேப்பை ஒட்டும்போது அதன் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிடுவார். மடித்த இடம் ஒட்டாது. திறக்கிறவர் அதை நகத்தால் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் வந்துவிடும், கத்தியும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம். தடித்த உறைக்கு ஒரு மடிப்பு, வெளி உறைக்கு ஒரு மடிப்பு. ஒரு டொலர் கார்ட்டுக்கும் அதே மடிப்புத்தான்.

"நகத்தில அம்பிடவேணும்" என்பார். சொல்லிவிட்டுத் தானே ஒரு முறை நகத்தை வைத்துப் பார்ப்பார்.

"ஒட்டுறதே ஒட்டுப்படத்தானே. உதென்ன ஒட்டிப்போட்டு ஒட்டாத விளையாட்டு" என்று நான் நக்கலடிப்பேன். எனக்கு அது வேலை மினக்கேடு. நான் அதைக் கடைசிவரை பழகவில்லை.

பழைய கறை காலப்போக்கில் அந்தச் சந்தையில் அவருக்கிருந்த பக்கத்திலிருந்து மறைந்தது. பிறகு ஒருவரும் குறை எழுதவில்லை. ரெலிபோனைக் கொண்டுவந்து, "இஞ்சரும், பாரும்" என்று பள்ளிக்கூட றிப்போர்ட் காட்டுகிற பிள்ளைபோல் நிற்பார். நல்ல விற்பனையாளர், நேர்மையான மனிதர், கவனமாகக் கட்டியிருக்கிறார். தொழிற்சாலையில் அத்தனை வருடம் உழைத்து முதுகை ஒடித்தவருக்கு அங்கே எவனும் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. நான் கண்ணாடி இல்லாமல் பார்த்து, ஓம் ஓம் என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தபால் போட்டுவிட்டு வந்தார். லிஃப்ற் ஓடாமல் நிற்கிறதென்று, படியேறி வந்ததாகச் சொன்னார். தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தார். அதற்குமேல் அந்தப் பின்னேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

செத்தவீடு முடிந்து வீட்டுக்கு வந்தால், வரவேற்பறை மூலையில் அவருடைய மேசை அப்படியே கிடந்தது. மகள் ரெலிபோனைப் பார்த்து, அதிலிருந்த அவருடைய கடையை மூடிவைத்தாள். ஆனால் அதற்கு முன்னமே விற்றுப் போயிருந்தவற்றை அனுப்பியாக வேண்டும். மண்டபத்தில் சத்தம் போட்ட இரண்டும் அதில் அடக்கம்.

"துடக்கு வீட்டிலயிருந்து ஒரு சாமானும் வெளியால போகப்படாது. அந்தியேட்டி முடியட்டும்" என்றா அவருடைய அக்கா. சாவுத் தீட்டைத்தான் துடக்கு என்போம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடுதான் அது கழியும்.

"மச்சாள், காசு தந்தவை பாத்துக்கொண்டிருக்கினம்" என்றேன்.

"ஆரெண்டு தெரியாத ஆக்கள். அவை காத்திருந்தால் என்ன?"

மகள் எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாள். "அம்மா, ஜஸ்ற் றிஃபண்ட் தெம். அப்பா இறந்திட்டார் எண்டு சொன்னா பீப்பிள் வில் அண்டர்ஸ்ராண்ட்."

எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் சாவை ஒரு சாட்டாகச் சொல்லி, கொடுத்த வாக்கிலிருந்து தப்புவதா? எங்களுக்குத்தான் துடக்கு. அவருடைய இன்ரநெற் பக்கத்தைப் பார்க்கும் அந்த மனிதர்களுக்கு அவர் இன்னும் உயிரோடிருக்கிறார், ஒருவரும் குறை சொல்லாத விற்பனையாளராக. ரொறொன்ரோவில் அவர் சம்பாதித்த நல்ல பெயர் அது ஒன்றுதான். அதையும் நெருப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. அக்கா போனபிறகு மேசையில் இருந்து ஒவ்வொன்றாகக் கட்டினேன். மெல்லிய உறை, தடித்த உறை, அட்டை. எல்லாம் பார்த்துப் பழகியதுதான். அழுதுகொண்டே கட்டினேன், கண் தெரியவில்லை, கை தன்பாட்டில் வேலை செய்தது.

கொஞ்சநாள் கழித்து ஒரு பழைய வாடிக்கையாளர், அவரிடம் பல வருடமாக வாங்குகிறவர், எழுதியிருந்தார். மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். கார்ட் நன்றாக வந்தது, நன்றி. ஆனால் முன்பெல்லாம் உங்கள் பார்சலைத் திறப்பது சுகமாக இருக்கும். இந்த முறை கத்தி எடுக்க வேண்டியிருந்தது. என்ன நடந்தது?

என் கை சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தது. ஊர்க் கட்டு. மடிப்பு விடவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

"என்ன ரிப்ளை பண்ண?" என்று மகள் கேட்டாள். என்ன நடந்தது என்று கேட்கிறார் ஒருவர். செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேரிலும் எவரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

அது போகட்டும். அதற்குப் பிறகு வந்ததுதான் என்னைப் படுத்தியது. ஹமில்ரன் பக்கத்தில் ஒருவர், அவர் வாங்கிய ஹொக்கிக் கார்ட் வரவேயில்லை என்று எழுதினார். அது நான் கட்டியது அல்ல. அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் கொண்டுபோய்ப் போட்டவற்றில் ஒன்று. விலை குறைந்தது, முத்திரை ஒட்டிப் போட்டது. அனுப்பியாயிற்று என்று அவர் ரெலிபோனில் பதிந்திருக்கிறார். அத்தாட்சி இல்லை. வாங்கியவர் இரண்டாம் முறை எழுதினார், மூன்றாம் முறை எழுதினார். அனுப்பாமலே அனுப்பியதாகப் பொய்யாகப் பதிந்திருக்கிறீர்கள் என்றார்.

மகள் காசைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள். "அம்மா, அப்பா கடைசியில கொஞ்சம் மறதிதானே. அடுப்பைக்கூட ஓஃப் பண்ண மறந்தவர். மேபி போட மறந்திட்டார்."

"உங்கட அப்பா போடாததைப் போட்டனெண்டு சொல்லமாட்டார்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு வீடு முழுக்கத் தேடுதல். அவருடைய குளிர் ஜக்கெற்றின் பைகள், மேசைக்குக் கீழே, அட்டைக் குவியலுக்குள். தேடுகிறபோதெல்லாம் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கிடைக்காவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதியும் அடுத்த நாள் விடியும்வரைதான். அனுப்பினாரா, மறந்தாரா? கடைசிக் காலத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாமல் போயிற்றா? இதுதான் என்னை அரித்தது. காசு போனது ஒரு கவலையே இல்லை.

காசைத் திரும்ப வாங்கிய பிறகும் அந்த ஹமில்ரன்காரர் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். "இவர் பொருளை அனுப்பவில்லை. நம்பாதீர்கள்." என் கணவருடைய பக்கத்தைத் திறந்தால் மேலே முதலாவதாக அதுதான் தெரிந்தது. அதற்குக் கீழே, இத்தனை வருடமாக அவரைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும். கடை மூடிக் கிடந்ததால் அதை அடித்துக் கீழே தள்ள இனிப் புதிதாக எவரும் வந்து எழுதப்போவதில்லை. செத்தவர் வந்து மறுமொழி சொல்லவும் போவதில்லை. நான் சில நாட்கள் சாப்பிடவில்லை. மகள் ஸ்ரௌவ்வில்லுக்கு வந்து தங்கச் சொன்னாள். அங்கே கார் ஓடத் தெரியாதவள் யன்னலில்தான் நிற்க வேண்டும், அவர் நின்றதுபோல. நான் போகவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு நாள், கீழே தபால்பெட்டியைத் திறந்தேன். கடை விளம்பரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மண்ணிற உறை, மூலைகள் கசங்கி. முகவரியில் அந்த ஆள் இல்லை, அனுப்பியவருக்கே திரும்ப என்று அதன்மேல் தபால்காரர்கள் முத்திரை குத்தியிருந்தார்கள். இடது மூலையில் அனுப்பியவர் பெயர், எங்கள் வீட்டு இலக்கம். அவருடைய கையெழுத்து. இங்கிலீஷ் எழுத்தையும் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துத்தான் எழுதுவார். நடுவில் ஹமில்ரன் முகவரி.

அனுப்பியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கிறார். நான் தபால்பெட்டிகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். கடந்து போனவர்களில் ஒருவர் ஓகேயா என்று கேட்டார். ஓகே என்றேன்.

மகள் படம் எடுத்து அந்த மனிதருக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. ஓ, மன்னிக்கவும், நான் வீடு மாறியிருந்தேன், பழைய முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். கார்ட்டை இன்னும் விற்கிறீர்கள் என்றால் புதிய முகவரிக்கு அனுப்புங்கள். மறந்தது அவர். எழுதியதை எடுக்கச் சொல்லி மகள் கேட்டாள். எடுக்க முயன்றாராம், காலம் கடந்துவிட்டதென்று அந்தச் சந்தை நடத்துகிறவர்கள் விடவில்லையாம். ஆகவே அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, நம்பாதீர்கள் என்று.

"விடுங்கோ அம்மா. அவனுக்கு அனுப்பத் தேவையில்லை" என்றாள் மகள்.

"அனுப்பத்தான் வேணும். அப்பா அனுப்பினது, போய்ச் சேரவேணும்" என்றேன்.

ஆனால் அந்த உறை இன்னொரு பயணம் தாங்காது. புதிய உறையில் போட வேண்டுமென்றால் இதைத் திறந்தாக வேண்டும். இரண்டு நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். பழக்கம். கத்தியை வைக்கப் போகும்போதுதான் உறையைத் திருப்பினேன். செலோரேப்பின் வலது நுனி சின்னதாக உள்ளே மடிந்திருந்தது. அத்தனை கை மாறி, அத்தனை பைக்குள் கிடந்து கசங்கியும், மடிப்பு அப்படியே இருந்தது.

கத்தியை வைத்துவிட்டு நகத்தை வைத்தேன். அகப்பட்டது. இழுத்தேன். ஒரே இழுவையில், ஒரு இடமும் கிழியாமல் வந்தது. உள்ளே தடித்த உறையின் வாயிலும் அதே மடிப்பு, அதுவும் வந்தது. இத்தனை வருடம் அவரோடு இருந்து, அவர் கட்டிய ஒன்றையும் நான் திறந்ததேயில்லை. எத்தனையோ பேர் எழுதிய அந்தச் சுகம் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் நினைத்து மடித்தது யாரோ ஹமில்ரன்காரனின் விரலை. வந்து அகப்பட்டது என் விரலுக்கு. அப்போதுதான் சத்தமாக அழுதேன், செத்தவீட்டில் அழாத அழுகை.

அழுது முடித்துவிட்டு ஒரு விசர் வேலை செய்தேன். அதை முன்பு இருந்ததுபோலவே திரும்ப ஒட்டி வைக்கப் பார்த்தேன். பழைய செலோரேப் ஒட்டவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், கையை எடுத்ததும் எழும்பிக்கொண்டு வந்தது. அவர் கையால் மூடிய கடைசிப் பொருளை நானே திறந்துவிட்டேன், இனி மூட முடியாது.

கார்ட்டைப் புதிய உறையில் போட்டு, நுனியை மடித்து ஒட்டினேன். முதல் தடவை முழுக்க ஒட்டுப்பட்டுவிட்டது. பிறகு மடிப்பு வந்தது. அவரைப்போலவே நகத்தை வைத்துப் பார்த்தேன். கவுண்டருக்குக் கொண்டுபோய், கார்ட்டின் விலையைவிடக் கூடிய செலவில் இலக்கம் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாக மகள் பார்த்துச் சொன்னாள். அந்த மனிதர் ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய மடிப்போடு இருந்த அந்தச் செலோரேப் துண்டைக் குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். அடுத்த நாளே கழன்று சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. எடுத்துத் திரும்ப வைத்து, அதன்மேல் புதிய செலோரேப்பை நாலு பக்கமும் மாறி மாறி, ஒரு நுனியும் மடிக்காமல், ஒருவருடைய நகத்துக்கும் அகப்படாதபடி ஒட்டினேன். குறுக்கே பேனையால் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.